எண்பத்திரண்டாவது நிமிடம்

…நனைக்காமல் ஊசியைச் செருகக் கூடாது, வால்வு ரப்பர் கிழிந்துவிடும், கிழிந்தால் இரண்டே நாளில் பந்து சொத்தை, இது மேடம் முதல் நாள் சொன்னது, நாலு வருடமாக ஒவ்வொரு பந்துக்கும் காதில் விழுகிறது, இன்றைக்கும் விழுகிறது, மேடம்தான் இல்லை. மொத்தம் இருபத்திரண்டு பந்து, ஏழு முடிந்தது. மணி இரண்டு பத்து, மூன்று மணிக்குக் கல்லூரி விளையாட்டு இயக்குநர் அறையில் கையெழுத்து, பெண்கள் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் என்று என் பெயருக்குக் கீழே அடித்து வைத்திருப்பார்கள். காற்றடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, சீசன் நின்று மூன்று வாரம், உதைக்க ஆளே இல்லை, ஆனால் சும்மா உட்கார முடியவில்லை, பம்பை எடுத்துக்கொண்டேன். காலையிலேயே அக்காவின் குரல்செய்தி, "ஏய் பெரிய கோச்சு, இனிமே எங்ககிட்டல்லாம் பேசுவியா, இல்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா?" பின்னால் அம்மா, "சாப்ட்டாளான்னு கேளுடி மொதல்ல." மூன்று தடவை கேட்டேன், பதில் போடவில்லை, என்ன போடுவது, சாப்பிட்டேன் என்றா… அவர்களிடம் சொன்னவள் நான்தானே, பதவி உயர்வு என்று சொன்னேன், யாருடைய இடத்தில் என்று சொல்லவில்லை.

எட்டு. அழுத்தினால் கட்டைவிரல் லேசாக உள்ளே போக வேண்டும், அதுதான் கணக்கு, அழுத்தம் பார்க்கிற கேஜ் எல்லாம் ஆண்கள் அணிக்கு, நமக்கு விரல் போதும்டி என்பார் மேடம். இருபத்திரண்டு வருடம் இந்த அறையில், ஜன்னல் கிடையாது, சுவரில் ஈரம், போன வாரம் வரை அவருடைய மழைக்கோட்டு அந்த ஆணியில் தொங்கியது. அவர் வந்தபோது மைதானம்கூடத் தரவில்லையாம், கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டில் பயிற்சி, விழுந்தால் முட்டி தேய்ந்துவிடும் என்பதால் பிள்ளைகள் விழாமல் ஆடக் கற்றுக்கொண்டார்களாம், அதுவே பிற்பாடு எங்கள் பாணி என்று பெயர் வாங்கியது. ஆண்கள் போட்டுக் கழித்த சட்டைகளைத் தோளில் பிடித்துத் தைத்தார், வேன் ஓட்டுநர் ஆண்கள் அணிக்குத்தான் என்றதும் தானே உரிமம் எடுத்து ஓட்டினார். ஏழு தடவை இறுதிப் போட்டி, இரண்டு கோப்பை, ஒன்று வரவேற்பறையில் இருக்கிறது, மழைக்காலத்தில் அதில் குடையைச் சொருகி வைக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் ஆண்களுடையது வெறும் 'கால்பந்து', நம்முடையது 'கால்பந்து, பெண்கள்'. இயக்குநர் ஆண்கள் அணிப் பயிற்சியாளரைக் கோச் என்பார், இவரை டீச்சர் என்பார், இருபத்திரண்டு வருடமும் டீச்சர். ஒரு நாள் நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், ஏன் மேடம் திருத்த மாட்டேங்கிறீங்க என்று, "திருத்தினா மறுநாள் கோச்னு கூப்பிட்டுட்டு கிரவுண்ட் நேரத்தைக் குறைப்பான், டீச்சர்னே கூப்பிடட்டும், கிரவுண்டைக் குடுத்தா போதும்" என்றார், என்றுவிட்டு மூக்கைச் சிந்தினார், அவருக்கு எப்போதும் ஜலதோஷம்.

ஒன்பது, பத்து. பத்தாவதில் விரல் உள்ளே போகவில்லை, கல் மாதிரி இருக்கிறது, காற்றை விட வேண்டும்… அன்றைக்கும் பந்து கல் மாதிரிதான் இருந்திருக்கும், அரையிறுதி, ஒன்றுக்கு ஒன்று, எண்பத்தொன்றாவது நிமிடம், எதிரணிக்காரி ஓங்கி உதைத்த பந்து நேராக வெட்டுக்கிளியின் காதுக்கு மேல். வெட்டுக்கிளி என்பது நாங்கள் வைத்த பெயர், எங்கள் நடுக்களக்காரி, நிற்கிற இடத்தில் நிற்க மாட்டாள். மருந்துப் பையோடு நான் ஓடினேன், அது என் வேலை, பார்ப்பதும் சொல்வதும் என் வேலை, முடிவு மேடத்தினுடையது. எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். "அக்கா, ரெண்டு பந்து தெரியுது, எதை உதைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க." நானும் சிரித்தேன். சிரித்தேனே, ஏன் சிரித்தேன்? கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேடம் கத்தினார், "ஆடுவாளா?" கூட்டத்தின் சத்தத்தில் வாயசைவுதான் தெரிந்தது. வெளியே எடுத்தால் தோற்போம், தோற்றால் அடுத்த வருடம் என் உதவிப் பயிற்சியாளர் இடத்தையே எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது, இந்த நாட்டில் என் வேலை அனுமதி இந்தக் கல்லூரியின் பெயரில் இருக்கிறது, வேலை போனால் அறுபது நாளில் பெட்டியைக் கட்டி ஊர் திரும்ப வேண்டும், இவ்வளவும் அந்த ஒரு நொடியிலா யோசித்தேன், இல்லை, யோசிக்கவே இல்லை, கை தானாக மேலே போனது, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். ஆறு நிமிடம் ஓடினாள். பிறகு யாரும் தொடாமலே விழுந்தாள்.

பதினொன்று. இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், திரைச்சீலையை இழுத்துவிட்டு, வெளிச்சம் பட்டால் வாந்தி வருகிறதாம், இந்த வருடம் படிப்பும் இல்லை. போய்ப் பார்த்தேன், அவளுடைய அம்மா கதவுவரை வந்து, "நீங்க நல்லவங்க, எழுதியாவது வெச்சீங்களே" என்றார். எழுதினேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் காயக் குறிப்பேட்டில் நான் எழுத வேண்டும், கீழே மேடம் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் வழக்கம். மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து எழுதினேன். தலையில் அடி, 81. இரண்டாகத் தெரிவதாகச் சொன்னாள், 81. பயிற்சியாளரிடம் தெரிவிக்கப்பட்டது… அதற்கு நேரே நிமிடத்தை எழுத வரவில்லை, காட்டியது கட்டைவிரல் மட்டும்தானே, கட்டம் காலியாகவே இருந்தது, மேடத்தின் பைக்குள் குறிப்பேட்டை வைத்துவிட்டுக் கழுவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மறுநாள் காலை மேடம் வழக்கம்போல இரண்டு தேநீரோடு வந்தார், ஒன்றை என்னிடம் நீட்டினார். விசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம், உதவியாளர் உங்களிடம் சொன்னாரா என்று. "அவ சொன்னா, நான்தான் ஆடட்டும்னு விட்டேன்." அவ்வளவுதான், மேடத்தை நீக்கிவிட்டார்கள். இயக்குநர் என்னிடம் கையை விரித்தார், "டீச்சரே ஒத்துக்கிட்டாங்கம்மா, நாம என்ன பண்றது, நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

குழப்பிக்கொள்ளவில்லை, மூன்று வாரமாக ஒரு பதில் வைத்திருக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். அவ்வளவு சத்தம், அவ்வளவு தூரம், மேடத்துக்கு ஐம்பத்தெட்டு வயது, கட்டைவிரலை அவர் சரியாகப் பார்த்திருக்க மாட்டார், நான் ஏதோ சொன்னதாகவே அவர் மனதில் பதிந்திருக்கும், குறிப்பேட்டையும் அன்றைய களேபரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார், ஆக அவர் நம்புவதைத்தான் சொன்னார், நான் எழுதியது அதோடு ஒத்துப்போய்விட்டது, யாரும் யாரையும்… சாவியைக் கொடுக்கும்போதுகூடச் சாதாரணமாகத்தானே பேசினார், "மூணாவது அலமாரி பூட்டு மக்கர் பண்ணும், தூக்கித் திருப்பு."

இரண்டு ஐம்பது. பன்னிரண்டாவது பந்தைக் கீழே வைத்தேன். வரும்போது காயக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் இயக்குநர், புதிய பொறுப்பாளர் என்று அதில் எழுத வேண்டுமாம். போன வாரம் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததைப் பம்புக்கு மேலே ஆணியில் மாட்டியவள் நான்தான், திறக்கவில்லை. இப்போது திறந்தேன், திறக்காமலே கொண்டுபோயிருக்கலாம். என் கையெழுத்து, நீல மை, எட்டே வரி, கீழே சிவப்பு மையில் மேடத்தின் கையெழுத்து, அன்றைய தேதி. அந்தக் காலிக் கட்டம் காலியாக இல்லை. அதே சிவப்பு மையில், நிதானமாக, 82.

நான் வந்த புதிதில் மேடம் திட்டுவார், "நிமிஷம் போடாம எழுதினா அது குறிப்பு இல்லடி, வதந்தி." மூன்று நோட்டைத் தூக்கி எறிந்திருக்கிறார் அதற்காக. படித்திருக்கிறார், அன்றைக்கே, அந்த நடைபாதையிலேயே, வரி வரியாகப் படித்து, விட்டுப்போனதைத் தானே நிரப்பி, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் மறுநாள் தேநீர் கொண்டுவந்திருக்கிறார். அறுபது நாள் கணக்கு அவருக்கும் தெரியும், என் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் அதற்காகத்தான் என்று யார் சொன்னது? என்னைக் காப்பாற்றினாரா, இல்லை, டீச்சர் என்று கூப்பிட்டவனைத் திருத்தாமல் விட்ட மாதிரி என்னையும் திருத்தாமல் விட்டுவிட்டாரா… மேலே போக வேண்டும், படி ஏற வேண்டும், பத்து பந்து பாக்கி இருக்கிறது, பம்பிலிருந்து கழற்றிய ஊசியை இன்னும் கீழே வைக்கவில்லை, கையில் இருக்கிறது, உலர்ந்துபோய்.