எச்சிலுக்கு இட்ட கையெழுத்து

பாடகர் குழுவின் தலைக்கு மேலே, பீடத்தை ஒட்டிய சுவரில், ஆள் உயரப் பதாகை ஒன்று தொங்கியது. அதில் ஆய்வகக்காரரின் கையெழுத்தைப் பூசணிக்காய்ப் பருமனுக்குப் பெருக்கி அச்சடித்திருந்தார்கள். கையெழுத்துக்கு மேலே அவர் கொடுத்த பரிசோதனை முடிவு: "காசநோய்க் கிருமி காணப்படவில்லை." அதற்கும் மேலே, தங்க நிறத்தில், போதகரின் சொந்தச் சரக்கு: "விஞ்ஞானம் மண்டியிட்டது!"

விஞ்ஞானத்தோடு முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவர் ஆய்வகக்காரர். அது யார் முன்னாலும் மண்டியிட்டு அவர் பார்த்ததில்லை. இந்த விஷயத்தில் மண்டியிட்டவர் ஒரே ஒருவர்தான். அது யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

பதாகைக்குக் கீழே, வெள்ளை அங்கியில், முன்வரிசையில் நின்றார் அவருடைய தங்கை புருஷன். நோய் நீங்கியதாகச் சாட்சி சொல்லி மூன்று மாதம் ஆகிவிட்டது. அங்கி இப்போது கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கியது. முதல் பாட்டு முடிவதற்குள் கைக்குட்டைக்குள் ஒன்பது தடவை இருமினார். அவருக்கு இரு பக்கமும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பதினொரு பேர் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஆய்வகக்காரர் இருமலையும் எண்ணினார், பிள்ளைகளையும் எண்ணினார்.

தாத்தா காலத்திலிருந்து அந்தச் சபையில் மூப்பராக இருந்து வரும் குடும்பம் அவருடையது. அந்த வீட்டில் கடன் என்ற சொல் கேட்டதில்லை, வழக்கு என்ற சொல் கேட்டதில்லை. காசநோய் என்ற சொல் நுழைந்தபோது தங்கை ஜன்னல் கதவையெல்லாம் சாத்தினாள். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்த நோய், வேறு ஊரிலேயே வாங்கிய மாத்திரை. மூன்று வாரம் தின்றதும் மாப்பிள்ளைக்குக் குமட்டல். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைக் கண்டு தன் ரத்தமே கரைந்து போகிறதென்று அலறினார். அது மாத்திரையின் சாயம் என்று ஆய்வகக்காரர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ஆறடி மனிதர். ஒரு மாத்திரையைக் கண்டு நடுங்கினார். அதற்குள் போதகர் இருபத்தொரு நாள் விசேஷ ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் தங்கை ஆய்வகத்துக்கு வந்தாள், பின்வாசல் வழியாக. துணிப்பைக்குள் மூடி போட்ட டப்பா.

"அண்ணே, இதை நீயே பாரு. அவரை அந்தச் சளி குடுக்கிற ஜன்னல் வரிசையில நிக்க வைக்காத. நம்ம வீட்டு ஆம்பளை எவனும் அங்க நின்னதில்ல."

டப்பாவை வாங்கியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். நெஞ்சிலிருந்து வரும் சளி கெட்டியாக, மஞ்சள் பாரித்து இருக்கும். பயந்த ஆட்களும் சோம்பேறிகளும் அதற்குப் பதிலாகத் துப்பிக் கொண்டுவருவது வெறும் எச்சில். தண்ணீராக, நுரையாக இருக்கும். அதில் கிருமியைத் தேடுவது குளத்து மீனைக் குடத்தில் தேடுவது மாதிரி. "இது எச்சில். போய் நல்லா இருமிட்டு வா" என்று ஒரு நாளைக்கு நாலு பேரையாவது அவர் திருப்பி அனுப்புவார். வக்கீலையும் அனுப்பியிருக்கிறார், காவல் அதிகாரியையும் அனுப்பியிருக்கிறார். ஒரு தடவை ஆய்வகத்தின் டாக்டரையே அனுப்பினார். "ஞாயித்துக்கிழமை மூளையைக் கழட்டி வீட்ல வச்சிட்டுத்தானே கோயிலுக்குப் போவீங்க?" என்று அவரைக் கேலி செய்கிற டாக்டர், அன்று வாயை மூடிக்கொண்டு போய் இருமிவிட்டு வந்தார்.

அன்று மட்டும் அவர் டப்பாவைத் தூக்கிப் பார்க்கவில்லை. வீட்டு மாப்பிள்ளையைக் கொல்லையில் நின்று இருமச் சொல்வதா?

கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், கண்ணை வைப்பதற்கு முன் அவர் செய்யும் ஜெபம் ஒன்று உண்டு: "ஆண்டவரே, இருப்பதைக் காட்டும்." அதற்கு மேல் அவர் எதையும் கேட்டதில்லை. தன்னை இந்த முக்காலியில் உட்கார வைத்தவர் ஆண்டவர்தான், இருப்பதை இருக்கிறபடி சொல்வதற்கே உட்கார வைத்தார் என்பது அவருடைய விசுவாசம். அன்று அந்த ஜெபம் வாயில் மாறி வந்தது: "ஆண்டவரே, இல்லாமல் இருக்கட்டும்."

நீலப் பரப்பில் கிருமியின் சிவப்பு ஈர்க்குகள் எதுவும் இல்லை. கன்னத்தின் உள்தோல் செல்கள்தான் அப்பளம் அப்பளமாக மிதந்தன. எச்சிலின் அடையாளம் அது. முதல் வருடம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். அவருக்கும் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் "காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் ஏற்றவில்லை. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது.

முடிவுத் தாள் நேரே போதகர் கைக்குப் போனது. அந்த வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். முடிவு எப்படி வந்தாலும் ஆறு மாதம் சாப்பிட்டாக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். "உன் பூதக்கண்ணாடி பெருசா, கர்த்தர் பெருசா?" என்றாள் தங்கை. அவர் எழுந்து வந்தார். பொய்க் கையெழுத்துப் போட்டவனுக்கு எதிர்வாதம் செய்ய வாய் ஏது?

இன்று சபையின் ஆண்டு விழா. ஆராதனை தொடங்குமுன் அவர் போதகரின் அறைக்குப் போயிருந்தார். போதகர் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். இருக்கும் முடியை இல்லாத இடத்துக்கு அனுப்புவது அவருக்கு நீண்ட வேலை.

"அந்தப் பதாகையை இறக்குங்க."

"ஏன் ஐயா, கையெழுத்து தெளிவா விழலையா? அச்சுக்காரன்கிட்ட அப்பவே சொன்னேன்."

"முடிவு தப்பு. நான் பாத்தது எச்சில். தெரிஞ்சேதான் எழுதிக் குடுத்தேன்."

சீப்பு பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

"ஐயா, இன்னைக்கு இருநூறு பேர் வந்திருக்காங்க. இந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் நாப்பது குடும்பம் புதுசா சேந்துச்சு. இப்பப் போய் சொன்னா எல்லாரும் விசுவாசத்துல இடறிடுவாங்க."

"எச்சில்ல நிக்கிற விசுவாசம் இடறினா இடறட்டும்."

"உங்க கருவியை விடக் கர்த்தர் பெரியவர் இல்லையா?"

"பெரியவர்தான். அதனாலதான் அவருக்கு என் பொய் தேவையில்ல. உங்களுக்குத்தான் தேவைப்படுது."

போதகர் புன்னகைத்தார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, அளந்து ஊற்றிய புன்னகை. "ஜெபம் பண்ணிக்குங்க ஐயா. மனசு அமைதியாகும்." இந்த மனிதர் தன் குடும்பத்தைத் தானே சந்தியில் நிறுத்தமாட்டார் என்று அவர் கணக்குப் போட்டார். மூன்று மாதத்துக்கு முன்பு அது சரியான கணக்குத்தான்.

மூன்றாம் பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கி கரகரத்தது. "நம்ம மூப்பர், விஞ்ஞானி, லேப் ஐயா இப்ப ரெண்டே வார்த்தை பேசுவாங்க!"

விஞ்ஞானியாம். கண்ணாடித் துண்டு கழுவுகிறவரை விஞ்ஞானி ஆக்கிவிட்டார்கள். எச்சிலைச் சளி ஆக்கியவர்களுக்கு இது பெரிய வேலையா?

ஆய்வகக்காரர் பீடத்துக்கு நடந்தார். முதுகு எப்போதும் போல நிமிர்ந்திருந்தது. மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரிய அவரைப் பார்த்துச் சிரித்தார், பாதியில் இருமினார்.

"அந்தக் கையெழுத்து என்னுது," என்றார் பதாகையைக் காட்டி. "அது பொய்க் கையெழுத்து. எங்கிட்ட வந்தது சளி இல்ல, எச்சில். வேற யார் கொண்டுவந்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். எங்க வீட்டுக் கௌரவத்துக்காக வாங்கிக்கிட்டேன். நோய் போகல. மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில லேபுக்கு வாங்க. முன்வாசல் வழியா. இந்தப் பதினொரு பிள்ளைங்களோட அம்மா அப்பாவும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க."

ரெண்டு வார்த்தைக்கு மேல் போய்விட்டது. ஒலிபெருக்கியை யாரோ அணைத்தார்கள். தேவையில்லாத வேலை, கடைசி வரிசை வரைக்கும் கேட்டாகிவிட்டது.

முதலில் எழுந்தது ஒரு தாய். நேரே பாடகர் குழுவுக்குள் போய்த் தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் ஒரு தகப்பன். கடைசியில் மாப்பிள்ளை மட்டும் அங்கியோடு தனியாக நின்றார்.

தங்கை அண்ணனை வாசலில் மறித்தாள். "குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியே அண்ணே! நம்மப்பா இருந்திருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு."

"நம்மப்பா இருந்திருந்தா டப்பாவோட உன்னையும் திருப்பி அனுப்பியிருப்பாரு."

"உன் வீட்டு வாசப்படி இனிமே மிதிக்கமாட்டேன்."

"மிதிக்காத. அவரை மட்டும் அனுப்பு."

மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே வழக்கத்தைவிட நீண்ட வரிசை. பிள்ளைகளும் பெற்றோரும் ஒரு பக்கம். எட்டாவது ஆளாக, யாரையும் பார்க்காமல், மாப்பிள்ளை. பின்வாசல் பக்கம் அவர் போகவில்லை. அந்த மனிதரைப் பற்றி ஆய்வகக்காரருக்கு மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல எண்ணம் வந்தது. டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் அதுவும் போனது.

"மாப்பிள்ளை, இது எச்சில்."

"மச்சான், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். கொல்லையில போய் மூச்சை நல்லா இழுத்து, அடிவயித்திலேர்ந்து இருமிட்டு வாங்க."

கொல்லையிலிருந்து வந்த இருமலை வரிசை முழுக்கக் கேட்டது. ஒரு பிள்ளை தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது டப்பா வந்தபோது அதை ஒரு தடவைக்கு மேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சாயம் ஏற்றினார். முக்காலியில் உட்கார்ந்தார். "ஆண்டவரே, இருப்பதைக் காட்டும்" என்று சொல்லும்போது நாக்கு ஒரு கணம் தயங்கியது. முதல் பார்வையிலேயே சிவப்பு ஈர்க்குகள் நீலத்தில் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. தன் கண்ணை இனி தான் மட்டும் நம்பக் கூடாதென்று டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். டாக்டர் பார்த்தார், தலையசைத்தார். கேலி எதுவும் செய்யவில்லை. அது அவருக்குக் கேலியைவிடச் சுட்டது.

மாப்பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இருக்கா மச்சான்?"

"இருக்கு. நிறைய இருக்கு. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். மறுபடி முதல்லேர்ந்து."

"அப்ப பாட்டு?"

"டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. உங்க சுருதிக்குச் சபையே நன்றி சொல்லும்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, இருமலும் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு மாத்திரை கொடுக்கும் அறையைத் தேடிப் போனார்.

ஆய்வகக்காரர் பதிவேட்டைத் திறந்து, மாப்பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தெரு, வீட்டு எண் எல்லாவற்றையும் சிவப்பு மையில் எழுதினார். பிறகு மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கத்துக்குத் திருப்பினார். ஓரத்தில் சின்ன இடம் இருந்தது. "இந்தப் பக்கத்துத் தேதியில் பின்வாசலில் வாங்கிய சளி மாதிரி வெறும் எச்சில். ஏற்றிருக்கக் கூடாது. பொய் முடிவு கொடுத்தது நான்" என்று எழுதி, இன்றைய தேதியைப் போட்டு, கீழே கையெழுத்திட்டார். கையெழுத்து இப்போது அதன் சொந்த அளவில், நெல்மணி நீளத்துக்கு இருந்தது.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "அடுத்த ஆள்" என்றார்.