வெளுத்த செருப்பும் சிவந்த படமும்

எங்கள் செருப்புக் கடை வாசலில் யானை உயரத்துக்கு ஒரு சிமென்ட் செருப்பு நிற்கிறது. இடது கால் மட்டும். வலது காலுக்கும் செலவழிக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அதை அடையாளம் வைத்து வழி சொல்வார்கள்; கடைக்குள் மட்டும் வர மாட்டார்கள்.

அது வெளுத்துச் சாம்பல் பூத்ததும், இடித்துவிட்டு விளக்குப் பலகை வைப்பதென்று அண்ணன் முடிவு கட்டினார். இடிக்கிற ஆளுக்கு முன்பணமும் போயிற்று. அண்ணன் மகளுக்கு அழுகை முட்டியது. நடை பழகிய நாளிலிருந்து அவள் சறுக்கி விளையாடிய செருப்பு அது.

அவள் படித்தது ஓவியம். கிடங்கில் ஒரு மூலையைப் பிடித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளி, ஒரு நிறம் காய்ந்தபின் மறு நிறமாக அந்தச் செருப்பைக் கெட்டித் தாளில் அச்சடித்தாள். வெளுக்கும் முன் இருந்தபடியே சிவப்புச் செருப்பு, மஞ்சள் வார். ஐம்பதுக்கு மேல் போட மாட்டேன் என்று ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். கடையில் மாட்டச் சொல்லிக் கெஞ்சினாள். செருப்பு வாங்க வருகிறவன் செருப்புப் படத்தை எதற்கு வாங்குவான் என்றார் அண்ணன்.

வாங்கினார்கள். செருப்பை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள், படத்துக்குப் பேரமே பேசவில்லை. உடனே அண்ணனுக்கு வேறு கணக்கு ஓடியது: வாசலில் நிற்கிற செருப்பு இல்லாமல் போனால் படத்துக்கு இன்னும் கிராக்கி.

"சித்தப்பா, நானே அதுக்குக் குழி வெட்டிட்டேன்" என்றாள் என்னிடம்.

இடிக்கிற ஆள் சம்மட்டியோடு வந்த காலையில், படம் வாங்கிய அம்மாள் ஒருவர் வெளியே போய் அதைத் தூக்கிப் பிடித்து, படத்தையும் சிமென்ட் செருப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏங்க, மாதிரி ஒண்ணு காட்டுறீங்க, சரக்கு வேற ஒண்ணு வச்சிருக்கீங்களே."

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. எங்கள் குடும்பத்தைக் கஞ்சன் என்றிருக்கிறார்கள், கறார் என்றிருக்கிறார்கள். ஏமாற்றுக்காரன் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

மகள் நேரம் பார்த்து ஒரு போடு போட்டாள். "இடிச்சுட்டா, சரக்கே இல்லாம வித்தோம்னு ஆயிடும்பா."

அண்ணன் சம்மட்டிக்காரரை ஓரமாக அழைத்துப் போனார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்க இவருக்குக் கூச்சமில்லை. கொடுக்க அவருக்கு மனமில்லை. நெடுநேர இழுபறிக்குப் பிறகு, அதே காசுக்கு அவரே பெயிண்ட் அடித்துத் தருவதென்று படிந்தது. மகள் ஏணியடியில் நின்று நிறம் சொல்ல, அண்ணன் அந்த அம்மாளுக்கு நாற்காலி போட்டார்.

"காயற வரைக்கும் உக்காருங்கம்மா. ஒத்துப் பாத்துட்டே எடுத்துட்டுப் போங்க."