டிரேவர் அண்ணன் போன வழி

டிரேவர் அண்ணன் தன் காரிலிருந்து கழற்றிய ஜிபிஎஸ் பெட்டியை வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, நற்கருணை கொண்டுவரும் சாமியார் மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி வந்து என் மேசைமேல் வைத்தார்.

"மேப் அப்டேட் கேக்குது நோயல். போட்டா பழசெல்லாம் அழிஞ்சிடுமாம். மொதல்ல எல்லாத்தையும் பத்திரமா காப்பி எடுத்து வெச்சிடு. உள்ள இருக்கறதெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க இடம், தெரியுமில்ல?"

டிரேவர் என் சகலை. என் மனைவி குளோரியாவின் அக்கா அல்போன்சாவைக் கட்டியவர். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்குத் தென்மண்டலத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விவேக் நகரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதும் அந்தத் தென்மண்டலத்தை அவர் வாசலில் கழற்றி வைப்பதில்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவன். ஒயர் தொங்கும் எந்தச் சாமானும் இந்தக் குடும்பத்தில் கடைசியில் என் மேசைக்கு வந்து சேரும், மிக்சி உட்பட.

ஊரே போனில் வழி பார்க்கிறது. இவருக்கு மட்டும் துபாய்த் தம்பி கொடுத்த இந்தப் பெட்டிதான். பிறந்து வளர்ந்த காக்ஸ் டவுனில் சொந்த வீட்டுக்குப் போவதற்கே அதைப் போட்டுக்கொள்வார். அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் வலப்பக்கம் திரும்பச் சொல்லும். திரும்பிவிட்டு "தேங்க்யூ மேடம்" என்பார். பின்சீட்டில் குளோரியா விழுந்து விழுந்து சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக நான் சொல்லும் ஜோக்குகளுக்கு அவள் "ம்" கொட்டுவதோடு சரி.

சனிக்கிழமை காலை கேபிளைச் செருகினேன். சேமித்த இடங்கள் நாற்பத்தொன்று. 'ரெசிடென்ஸ்', 'கார்ப்பரேட் ஆபீஸ்', அப்புறம் 'மை கிளப்'. மை கிளப்பை மேப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி கிளப்புக்குள் இல்லை, எதிர்வரிசை பேக்கரியில் இருந்தது. அந்த வாரத்துக்குப் போதுமான சந்தோஷம். பட்டியலில் எங்கள் வீட்டையும் தேடினேன். இருந்தது. 'நோயல் சர்வீஸ்' என்று.

நாற்பத்தொன்றையும் காப்பி எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்திலேயே இன்னொரு ஃபைல் இருந்தது. இந்த மாதிரிப் பெட்டிகள் நாம் சேமிக்கச் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. போன வழி, நின்ற இடம் எல்லாவற்றையும் மணி நிமிஷத்தோடு எழுதிக்கொண்டே வரும். பெட்டியை வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தென்மண்டலத் தலைவருக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருக்க மாட்டார்.

மேப்பில் சிவப்புக் கோடாக விரித்தேன். தினமும் காலை எட்டே முக்காலுக்குக் காக்ஸ் டவுனில் கிளம்புகிறார். எலெக்ட்ரானிக் சிட்டி வருகிறது, ஆபீஸ் வருகிறது, கோடு அதைத் தாண்டிப் போகிறது. சந்தாபுராவில் ஒரு ஏரிக்கரை. அங்கே மாலை ஐந்தரை வரை ஒரே புள்ளி. நாலு மாசமாக இதேதான். யாருமில்லாத காரில் அந்தக் குரலை மட்டும் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் தினமும் ஆபீசைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறான்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் என்று சொல்ல ஆசைதான். வந்தது வேறு. நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்வதற்கு ஒரு வாக்கியம் வந்தது. "என்னண்ணே, தென்மண்டலத்துல மழை எப்படி?" அதைச் செதுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் மற்றதைப் பார்த்தேன். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கோடு ஏரியை விட்டு ஊருக்குள் திரும்புகிறது. கோரமங்கலாவில் ஒரு சின்ன ரோடு. மத்தியானம் ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரை. அது குளோரியா ரிசப்ஷனில் உட்காரும் பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம்.

நாற்பது நிமிஷம். எண்ணினேன், முப்பத்தொரு தடவை.

அவள் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குரல் சாதாரணமாக வரவேண்டுமென்று நினைத்தேன். குக்கர் விசில் மாதிரி வந்தது.

"அண்ணன் உங்க ஆஸ்பத்திரி பக்கம் வராரா?"

கை நிற்கவில்லை. "வராரு. சாப்பாடு குடுக்கறேன்."

"அவருக்கு எதுக்கு நீ சாப்பாடு?"

"வேலை போயி நாலு மாசம் ஆச்சி. அக்காவுக்குத் தெரியாது. டப்பா கட்டித் தான்னு அவகிட்ட கேக்கவும் முடியாது. கம்பெனில அவருக்குத் தனி லஞ்ச் ரூம்னு பத்து வருஷமா சொல்லி வெச்சிருக்காரே."

செவ்வாயும் வெள்ளியும் என் டப்பாவில் லெமன் சாதம் வருவதன் ரகசியம் அப்போதுதான் விளங்கியது.

"அவருக்கு என்ன, மீன் கொழம்பா?"

"ஆமா."

"உன்கிட்ட மட்டும் எப்படிச் சொன்னாரு?"

"பல்லு வலின்னு ஒரு நாள் வந்தாரு. மூஞ்சியப் பாத்தேன். என்ன மாமா ஆச்சின்னு கேட்டேன். சொன்னாரு."

"நாலு மாசம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல?"

கத்தியைக் கீழே வைத்தாள். "சொன்னா சும்னே இருப்பீங்களா? ஞாயித்துக்கெழம தட்டுல சோறு விழறதுக்குள்ள ஆரம்பிப்பீங்க, 'என்னண்ணே, தென்மண்டலம் எப்படி'ன்னு. அதுக்கு அந்த மனுஷன் ஏரிலயே எறங்கிடுவாரு."

மழையை மட்டும்தான் அவள் விட்டிருந்தாள்.

மறுநாள் மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தோம். அல்போன்சா அக்காதான் பேச்செடுத்தார்.

"எல்லாம் வந்துச்சா நோயல்? பென் டிரைவ்ல எனக்கும் ஒரு காப்பி குடு. எங்க வெச்சோம்னு இவருக்கே ஞாபகம் இருக்காது."

"சேவ் பண்ண இடமெல்லாம் வந்துடுச்சி அக்கா. ஆனா அண்ணே, ஒண்ணு தெரியுமா? நீங்க சேவ் பண்ணாததையும் இது எழுதி வெக்கும். எந்தப் பக்கம் போனீங்க, எங்க நின்னீங்க, எத்தன மணி. எல்லாம்."

டிரேவர் மெல்லுவதை நிறுத்தினார். கன்னத்தில் ஒரு பக்கம் சோறு அப்படியே உப்பி நின்றது. பத்து வருஷமாக நான் காத்திருந்த முகம். குளோரியாவின் கரண்டி குழம்புச் சட்டிக்குள் நின்றுவிட்டது.

"அய்யோ, அப்படியா!" என்றார் அக்கா. "அப்ப அதையும் போட்டுக் குடுப்பா. எங்கெங்க சுத்தறார்னு பாக்கறேன்."

பென் டிரைவ் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த ஃபைலும் அதில்தான் இருந்தது. காலையில் பூசைக்குப் போகுமுன் ஏன் அதில் போட்டேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"அது வரல அக்கா," என்றேன். "ஃபைல் கெட்டுப்போச்சி. கடைசி நாலு மாசம் மொத்தமா போச்சி. பென் டிரைவ அப்புறமா தரேன்."

டிரேவர் என்னைப் பார்த்தார். நாலு மாசம் என்ற கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. "விடு, விடு. பழசெல்லாம் எதுக்கு?" என்று தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

நான் குளோரியா பக்கம் திரும்பினேன். ஒரு பார்வைக்காவது எனக்குப் பாத்தியதை உண்டு என்று நினைத்தேன். அவள் டிரேவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீரைச் சரியாக விழுங்குகிறாரா என்று.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டேன். ஒன்றரைக்கு ஸ்கூட்டரை அந்த ரோட்டுக்குள் விட்டேன். ஒரு புங்கமரத்தடியில் கார் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் எதிர்ச்சுவர் ஓரமாக ஒதுங்கினேன். டப்பா முன்கண்ணாடி ஓரம் காலியாகி மூடியிருந்தது. டிரேவர் ஸ்டியரிங்மேல் மோவாயை வைத்துக்கொண்டு, தலையை மட்டும் பக்கவாட்டில் திருப்பியிருந்தார். பக்கத்துச் சீட்டில் பேசிக்கொண்டிருந்தது குளோரியா. இரண்டு கையும் ஆட, நடுவில் மூச்சுக்கு நிறுத்தி, மறுபடி பேசினாள். எதையோ விரல்விட்டு எண்ணினாள். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். அவர் "அப்புறம்?" என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

பின்னால் குப்பை ஆட்டோக்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை. "ரோடல்லி நிந்து ஏனு சார் நோடுத்தீரா?" என்று கன்னடத்தில் கத்தினான், ரோட்டில் நின்று என்ன பார்க்கிறேனாம். அது ஒன்வே. நகர்ந்தேன். அடுத்த தெரு, மெயின் ரோடு, சிக்னல், யு டர்ன் என்று முழுதாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் மறுபடி அந்த ரோட்டுக்குள் வரமுடிந்தது.

மூன்றாவது சுற்றிலும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.