ஆதிலட்சுமியின் ஓட்டு

எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் செத்தவர்களுக்குச் சாவே கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் சக்கரவர்த்தி ஒரு பெயரைக்கூட அடிக்க விடமாட்டார். தேர்தலன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் ஆட்கள் வந்து அந்தப் பெயர்களில் குத்திவிட்டுப் போவார்கள். அவருடைய பூத் ஏஜெண்டான நான், நம்ம ஊர் ஆளுதான் என்று சாட்சி சொல்வேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

என் மனைவி ஆதிலட்சுமியின் பெயரும் அதில் இருந்தது. ஓடைக்குப் பாலம் கட்டித் தருவதாகச் சொல்லித்தான் போன தடவை சக்கரவர்த்தி ஜெயித்தார். கட்டவில்லை. ஐப்பசி வெள்ளத்தில், பிரசவ வலியோடு அவளை ஏற்றிய வண்டி கரையிலேயே நின்றுவிட்டது. அங்கேயே போய்ச் சேர்ந்தாள். திருவண்ணாமலை ஆஸ்பத்திரி அங்கிருந்து நாலே மைல். அதற்குப் பிறகும் நான் அவரிடமே இருந்தேன். அவரைப் பகைத்துக்கொண்டு ஊரில் குடியிருக்கத் துணிச்சல் இல்லை.

எழுபதாம் வருடத் தேர்தலில் அவரை எதிர்த்து அப்பாசாமி நின்றார். பள்ளிக்கூடத்தில் பூத். உச்சி வெயிலில், முக்காடு போட்ட ஒருத்தி வந்து நின்றாள். வேனில் வந்தவள் என்று நினைத்தேன்.

"ஆதிலட்சுமி, கணவர் பலராமன்" என்று அதிகாரி படித்தார்.

அவள் மை வைக்க விரலை நீட்டினாள். புடவை முழங்கால்வரை நனைந்து சேறு அப்பியிருந்தது. ஓடையில் அப்போது சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அப்பாசாமியின் ஏஜெண்டு எழுந்து, அந்தம்மா செத்து மூன்று வருடமாகிறது என்று ஆட்சேபம் சொன்னார். புருஷன் நீங்கதானே, இவங்கதானா என்று அதிகாரி என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன்.

அவள் மறைப்புக்குள் போய்க் குத்தி, சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியேறினாள். வாசலுக்கு ஓடினேன். மைதானத்தில் யாருமில்லை. வேன் அப்போதுதான் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவள், ஆதிலட்சுமி பெயருக்குத் தான்தான் வந்திருப்பதாகச் சொன்னாள்.

சக்கரவர்த்தி ஒரே ஓட்டில் தோற்றார். மறுநாள் காலையில் அவருடைய ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினார்கள்.

"வேன் வர்றதுக்கு முன்னாடி எவளையோ உள்ள வுட்டுட்டு ஆமான்னு சொல்லிக்கிற. யார்றா அவ?"

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா?" என்றேன்.