டாக்டரம்மா வண்டியின் பின் பிரேக்

பொறாமை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். வேறு யார் மேலாவது வந்திருந்தால் மென்று முழுங்கியிருப்பேன். கட்டின பெண்டாட்டி மேலேயே வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஜமுனாமரத்தூரில் பத்தொன்பது வருஷமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். போர்டில் 'சின்னராஜ் ஆட்டோ ஒர்க்ஸ்' என்று என் பெயர்தான் இருக்கிறது. சாமை மூட்டை ஏற்றும் பிக்கப், புளி ஏற்றும் லோடு ஆட்டோ, ஆள் ஏற்றி ஏற்றி முதுகொடிந்த ஜீப் எது வந்தாலும், பானட்டைத் திறக்கும் முன்பே சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்லிவிடுவேன். பூவிழி ஒடுகத்தூர்ப் பெண். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், ஃபோன் எடுக்க ஆள் வேண்டும் என்று நான்தான் அவளைக் கடைக்கு வரச் சொன்னேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் புது மாதிரி கார்கள் மலையேறி வர ஆரம்பித்தன. சத்தமே போடாத கார்கள். கோளாறு என்றால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். நான் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பூவிழி கட்டைவிரல் அளவு ஒரு ஸ்கேனரை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, தன் ஃபோனில் படித்துச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டே வருஷத்தில் கடைக்கு வருகிறவர்கள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா இல்லீங்களா?" என்று கேட்டார்கள். போன மாசம் புளி வியாபாரி வெற்றிவேல் யாரிடமோ ஃபோனில், "பூவிழி கடையாண்ட நின்னுகினு கீறேன்" என்றான். நான் போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி வாயுத் தொல்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டரம்மா வந்தார். ரேணுகாதேவி மேடம், இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர். பின் சக்கரத்தில் பிரேக் பிடித்தால் கிறீச்சென்று கத்துகிறது, மத்தியானம் திருப்பத்தூரில் மீட்டிங், மலையிறங்க பயமாக இருக்கிறது என்றார். கத்துகிறது என்றதும் எனக்கு உயிர் வந்தது. காதுக்கு வேலை வந்துவிட்டதே! சும்மா பத்தடி ஓட்டச் சொல்லிக் கேட்டு, "பிரேக் பேட் தேஞ்சு இரும்போட இரும்பு உரசுதுங்க மேடம்" என்றேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் நான் சொன்னது சரி. பேட்டும் கடையிலேயே இருந்தது.

பழைய பேட்டை எடுத்துவிட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அப்போதுதான் புது பேட் உட்காரும். ஆயிரம் தடவை செய்த வேலை. கிளாம்ப்பை எடுத்து பிஸ்டன் மேல் வைத்துத் திருகப்போனேன்.

"அய்யய்யோ, அத்த வைக்காதீங்க!" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தாள் பூவிழி. "இதுல ஹேண்ட்பிரேக் பட்டன்லதான் இருக்குது. பிஸ்டனுக்குப் பின்னாடி மோட்டார் கீது. அழுத்துனா மோட்டாரோட பல்லு உடைஞ்சிடும். ஸ்கேனர்ல சொல்லி, மோட்டாரே பின்னாடி போவணும்."

எனக்கும் தெரியும். போன வாரம்தான் சாப்பிடும்போது வீடியோவைக் காட்டிச் சொல்லியிருந்தாள். கிறீச் சத்தத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் மறந்துபோயிற்று. கிளாம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

டாக்டரம்மா சிரித்தார். நல்ல மனுஷிதான், கேலியாகச் சிரிக்கவில்லை. ஆனால் சொன்னது இது: "நல்லவேளை நீங்க இருந்தீங்க பூவிழி. நீங்களே பாத்துடுங்களேன்."

ஸ்கேனரைச் சொருகினாள். ஃபோனில் இரண்டு தட்டு. பின் சக்கரத்தில் ர்ர்ர் என்று மோட்டார் ஓடி அடங்கியது. பிஸ்டன் பூனை மாதிரி உள்ளே போய்விட்டது. ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க சீட்ல உக்காந்து இத்தப் பாத்துகினு இருங்க. சிவப்புல எதனா வந்தா கூப்டுங்க." இரண்டடி போனவள் திரும்பினாள். "வேற எதையும் தொடாதீங்க, இன்னா?"

டாக்டரம்மா முன்னால். பத்தொன்பது வருஷ மெக்கானிக்கிடம்.

உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் டாக்டரம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. குனிந்து பூவிழியிடம் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். இவள் விளக்கிக்கொண்டிருந்தாள். "சூப்பர்" என்றார் டாக்டரம்மா. என் வேலையைப் பார்த்து யாரும் இத்தனை வருஷத்தில் சூப்பர் என்று சொன்னதில்லை. ஆச்சா, போகலாமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். வயிறு எரிந்தது. நெஞ்சு எரிந்தது என்று சொல்லலாம், அது கௌரவமாக இருக்கும். எரிந்தது வயிறுதான்.

கியருக்குப் பக்கத்தில் அந்த ஹேண்ட்பிரேக் பட்டன் இருந்தது. விரல் நகம் அளவு.

அதை இழுத்தால், ஸ்கேனர் போட்ட பூட்டு கலைந்து மோட்டார் மறுபடி ஓடும் என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லிக்கொடுத்தது அவள்தான். பேட் இல்லாத இடத்தில் பிஸ்டன் துருத்திக்கொண்டு வரும். அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் கிழிந்தாலும் கிழியும், ஆயில் ஒழுகும். டாக்டரம்மா கண்ணெதிரே அவள் வேலை கெட்டுப்போகும். ஒரே ஒரு தடவை, "அய்யோ, இன்னா இது?" என்று அவள் என்னைக் கூப்பிட வேண்டும். நான் இறங்கிப் போய்ச் சரி பண்ண வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது எனக்கு.

இழுத்தேன்.

ர்ர்ர் சத்தம் கேட்டது. கூடவே அவள் அலறல். பட்டனை அழுத்தி மோட்டாரைப் பின்னால் ஓட்டிவிட்டு இறங்கி ஓடினேன். பிஸ்டன் ரப்பரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வலதுகை ஆட்காட்டி விரல் மாட்டி, நகம் பாதி பெயர்ந்து தொங்கியது. கை அங்கே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் பிரேக்கைக் கழற்றி வைத்திருப்பவளின் கை வேறு எங்கே இருக்கும்?

டாக்டரம்மா வண்டியிலிருந்தே பெட்டியை எடுத்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன சின்னராஜ், எப்படி ஆச்சு?"

பூவிழிதான் பேசினாள்.

"பழக்கம் மேடம். மலையில வண்டி ஓட்றவங்க சீட்ல உக்காந்தாலே கை ஹேண்ட்பிரேக்காண்டதான் போவும். இவருக்குத் தூக்கத்துலகூட போவும்."

டாக்டரம்மாவும், ஆமாம், இங்கே வந்ததிலிருந்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது என்று சிரித்தார். வலியோடு பூவிழியும் சிரித்தாள். எனக்கு மூச்சு வந்தது. எவ்வளவு நல்ல காரணம்! யோசித்திருந்தால் எனக்கே கிடைத்திருக்காது. ஒரு நிமிஷம், அது உண்மை என்று நானே நம்பிப் பார்த்தேன்.

"மிச்சத்த நான் போட்றேன். நீ உக்காரு" என்றேன்.

"வேணாம். ரப்பர் கிழியல, ஆயில் ஒழுகல. நானே முடிச்சிட்றேன்."

என் கையிலிருந்த ஃபோனில் இடதுகையால் தட்டி, பிஸ்டனை மறுபடி பின்னுக்கு அனுப்பினாள். நான் பழையபடி சீட்டில் உட்கார்ந்தேன். எங்கே நிற்பது என்று தெரியவில்லை, அதனால்தான் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா ஃபோன் பேசிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். பூவிழி சக்கரத்துக்குப் போகவில்லை. என் பக்கத்துக் கதவைத் திறந்து, என் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி, சாவியைத் திருப்பி உருவினாள். ஸ்கேனர் அணைந்தது. ஃபோன் வெறும் ஃபோனாக என் கையில் இருந்தது. தன் வேலைச் சட்டைப் பையில் சாவியைப் போட்டு, கட்டுப்போட்ட விரலை வெளியே நீட்டிக்கொண்டே பையின் பொத்தானை மாட்டினாள்.

"பழக்கம்னு நீதான சொன்ன" என்றேன்.

"டாக்டரம்மாவாண்ட சொன்னேன்" என்றாள்.