கீழே எழுத்து வராத காட்சி

1

இந்தக் கதை சங்கீதாவுடையது. சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் பின்னறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் சொன்னது. நான் முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுவேன். அவள் உள்ளே டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பவள்.

"எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க ஆமினாக்கா. ஆனா எழுத எழுத எனக்குக் காட்டணும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். கதாபாத்திரத்திடம் கையெழுத்துப் பிரதியைக் காட்டுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று அப்போது தெரியாது.

முதல் தொடக்கம் இது: 'தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை. மல்லிகைப்பூ மணக்கும்' (இங்கேயே நிறுத்திவிட்டேன். தமிழர் கடைத்தெருவான தேக்காவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மல்லிகையில்தான் தொடங்குகிறார்கள். சங்கீதாவுக்குப் பூ வாசனை ஆகாது, தும்முவாள்.)

இரண்டாவது: 'ஞானசேகரன் ஒரு சினிமாப் பைத்தியம்.' (பச்சைப் பொய். மாதத்துக்கு ஒரு படம், மிஞ்சிப்போனால் இரண்டு. எது ஓடுகிறதோ, எந்தக் காட்சி நேரம் ஒத்துவருகிறதோ, அது. இயக்குநர் பெயர் கேட்டால் விழிப்பார்.)

மூன்றாவது: 'ஒரு மனிதர் படங்களைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயங்களை வைத்து, அவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியுமா?' (கட்டுரைப் போட்டித் தலைப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் இதுதான். இருந்துவிட்டுப் போகட்டும்.)

2

சங்கீதாவின் அண்ணி மங்களம் கேலாங்கில் இருக்கிறார். சங்கீதா தன் முதல் கல்யாணத்தை விட்டு வெளியே வந்தபோது பெட்டியோடு போய் நின்றது அந்த அண்ணன் வீட்டு வாசலில்தான். விவாகரத்தெல்லாம் முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. சிவன் கோவிலில் அண்ணிக்குத் தெரிந்த ஒருவர் மூலம் இந்த வரன் வந்தது. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பணியிடப் பாதுகாப்பு அதிகாரி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து படிக்க வந்து, அப்படியே இங்கேயே தங்கிவிட்டவர். பெயர் ஞானசேகரன்.*

(*நாற்பதைத் தாண்டியும் அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று வாசகர்கள் கேட்பார்களே என்று இரண்டு காரணங்கள் எழுதினேன். சங்கீதா இரண்டையும் அடித்துவிட்டாள். "எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?")

முதல் சந்திப்பு ஒரு சாப்பாட்டுக் கடையில். இரண்டு பேரும் உணவுப் பட்டியலைப் பாடப்புத்தகம் மாதிரி படித்தார்கள். அடுத்த முறை அவரே, "படத்துக்குப் போவோமா? பேசாம உக்காந்திருக்கலாம்ல" என்றார். அவளுக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

தன்னைப் பற்றிக் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிற மனிதர், படம் முடிந்து காப்பிக் கடையில் பாலில்லாத் தேநீரான தே-ஓவை ஒரு வாய் குடித்ததும் மடை திறந்தாற்போல் பேசத் தொடங்கினார். தன் அபிப்பிராயத்துக்கு அவர் பெரிய மரியாதை எதிர்பார்க்கவில்லை. மழை வருமா வராதா என்று சொல்வதுபோலச் சொன்னார். சங்கீதா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். இந்த ஆளுக்குள் யார் இருக்கிறார் என்று பார்க்க அவளுக்குக் கிடைத்த ஒரே ஜன்னல் அதுதான்.

3

அவள் வாயால் கேட்டபடி அவருடைய அபிப்பிராயங்கள் சில.

பழிவாங்கும் போலீஸ் படம். நாயகன் பாதி கட்டிய கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கிறான். "ஹெல்மெட் இல்ல, பெல்ட் இல்ல. இங்கன்னா அந்த சைட்டையே மூடிருப்பாங்க." பிறகு கொஞ்சம் யோசித்து, "துரத்துறப்ப ஒரு தர்பூசணிக் கடைய இடிச்சுட்டுப் போனானே, அந்தக் கடைக்காரர் அப்புறம் என்ன ஆனாரு? ஒரு ஷாட் காட்டிருக்கலாம்." சங்கீதா மனதுக்குள் ஒரு மதிப்பெண் போட்டாள்.

கொரியப் பேய்ப்படம். "பேய் மேல தப்பே இல்ல. வீடு வாங்குறவன்தான் முன்னாடி விசாரிச்சிருக்கணும்."

விண்வெளிப் படம். பாதியில் தூங்கிவிட்டார். "நல்லாருந்துச்சு லா. இருட்டும் நல்லாருந்துச்சு, ஏர்கான் குளிரும் நல்லாருந்துச்சு."

சீனக் குடும்பப் படம். கோபித்துக்கொண்டு போன மகள் திரும்பி வருகிறாள். அப்பா எதுவும் கேட்காமல் அவள் தட்டில் மீன்துண்டை எடுத்து வைக்கிறார். சங்கீதா பக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது ஞானசேகரன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி என்றார்.

காதல் படம். நாயகன் பாதிப் படம் வரை அந்தப் பெண்ணின் பின்னாலேயே அலைகிறான். எங்கள் மருத்துவமனையில் பாதிப் பேர் உருகி உருகிப் பேசிய படம் அது. இவர் முகத்தைச் சுளித்தார். "அந்தப் பொண்ணு 'வேணாம்'னு தெளிவாச் சொல்லுது. அதுக்கு மேல என்ன சொல்லணும்?" அன்றைக்கே அண்ணிக்குப் போன் செய்து 'சரி' சொல்லிவிட இருந்ததாக சங்கீதா என்னிடம் ஒப்புக்கொண்டாள். எம்ஆர்டி ரயில் வந்துவிட்டது, ஏறிவிட்டாள்.

(இந்த இடத்தில் ஒரு சின்னப் பிரசங்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். படத்தை விமர்சிப்பதையே வேலையாக வைத்திருப்பவரிடம் கேட்டால் அவர் படத்தைப் பற்றிப் பேசுவார். சும்மா பார்த்துவிட்டு வருகிறவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார், அது அவருக்கே தெரியாது. நான் இதை நம்புகிறேன். அல்லது இந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது நம்பினேன்.)

4

பிறகுதான் அந்தச் சின்னப் படம் வந்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. சென்னையில் ஒரு அடுக்குமாடி வீடு, ஒரு கணவன், ஒரு மனைவி. ஒரு நாள் காலையில் மனைவி பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். மீதிப் படம் முழுக்க அவன் தேடுகிறான்.

காப்பிக் கடையில் ஞானசேகரன் சொன்னார்: "நல்ல படம்தான். ஆனா அந்தப் பொண்ணு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லாமப் போனா அவனுக்கு எப்படித் தெரியும்?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சங்கீதாவின் அண்ணன் சொன்னது இது. மாமியார் சொன்னது. தன் அலுவலகத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வக்கீல் அம்மாள் கேட்டது. அவள் பிரிந்தவள் என்பது மட்டும்தான் ஞானசேகரனுக்குத் தெரியும், எப்படி என்பது தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்ததுபோல அதே வார்த்தைகள் அவர் வாயிலிருந்தும் வந்தன. பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு, தலைவலி என்று கிளம்பிவிட்டாள்.

அண்ணி விடவில்லை. அந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும், இழுத்தடித்தால் அந்தப் பக்கம் தப்பாக நினைப்பார்கள் என்றார்.

நான் இந்தப் பகுதியை எழுதி, 'அந்தப் படத்தின் நாயகி வாய் திறக்காமல் போனதுபோலவே சங்கீதாவும்' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, பிரதியை அவளிடம் நீட்டினேன். அவள் அந்த வரியில் விரலை வைத்தாள்.

"அவ சொன்னாக்கா."

"யாரு?"

"படத்துல. அவ சொன்னா. நீங்க படம் பாக்காமலே எழுதுறீங்க."

பிடிபட்டுவிட்டேன். அவர் சொன்னதாக அவள் சொன்னதை வைத்துத்தான் நான் படத்தையே எழுதியிருந்தேன். அடுத்த விடுமுறை நாளில் மதியக் காட்சிக்குப் போனேன். அரங்கில் என்னோடு சேர்த்து ஒரு கைப்பிடி ஆட்கள்.

அந்தக் காட்சி வந்தது. கணவன் கூடத்தில் நின்று போனில் யாரிடமோ கார் வாங்குவதைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். பின்னால், சமையலறையில், முதுகைக் காட்டியபடி அவள் பாத்திரம் கழுவுகிறாள். குழாய்ச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் அவள் குரல்: 'என்னால முடியலங்க. நான் போயிடுவேன்.' கத்தவில்லை. சாதாரணமாகச் சொல்கிறாள். திரையின் கீழே ஆங்கிலத்தில் ஓடிய எழுத்தெல்லாம் காரைப் பற்றித்தான். அவள் சொன்னதற்கு எழுத்தே வரவில்லை.

எனக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் கார் பேரத்துக்குச் சிரித்தார்கள்.

5

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

(அ) சங்கீதா 'வேண்டாம்' என்கிறாள். படத்தில் வரும் பெண் பேசுவதையே கேட்காத ஆள், வீட்டில் மட்டும் கேட்டுவிடுவாரா?

(ஆ) சங்கீதா 'சரி' என்கிறாள். தர்பூசணிக் கடைக்காரருக்காகக் கவலைப்படுகிற மனிதர் கெட்டவராக இருக்க முடியாது. ஒரு காட்சியைத் தவற விட்டதற்காக ஒருவரைத் தூக்கில் போட முடியுமா?

(இ) காதல் படத்துப் பெண்ணின் 'வேணாம்' அவருக்குக் கேட்டது, ஏனென்றால் அது கீழே எழுத்தில் வந்தது. ஆக அந்தப் படத்துக்குப் போட்ட மதிப்பெண்ணையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமோ என்று சங்கீதா

(மூன்றாவதை முடிக்கவில்லை. எழுதும்போதே எனக்கே பயமாக இருந்தது.)

சங்கீதா மூன்றையும் படித்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"மூணுலயும் நான் அவருகிட்ட எதுவும் கேக்கவே இல்லையேக்கா. நானே உள்ளுக்குள்ள நெனச்சு நானே முடிவு பண்றேன்."

"கதைன்னா அப்படித்தாம்மா."

"அப்ப கதை வேற, நான் வேற."

6

அவள் போய்க் கேட்டாள். இந்தப் பகுதியில் என் கைச்சரக்கு குறைவு. அவள் சொன்னதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அதே காப்பிக் கடை. சனிக்கிழமை மாலை.

"அந்தப் படத்துல அவ சொல்லிட்டுத்தான் போனா" என்றாள் சங்கீதா.

"எப்ப?"

"அவன் போன் பேசிட்டிருந்தப்ப. பாத்திரம் கழுவிக்கிட்டே."

ஞானசேகரன் நெற்றியைச் சுருக்கினார். "சப்டைட்டில்ல வரலையே."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "தமிழ்ப் படத்துக்கு எதுக்குங்க உங்களுக்கு சப்டைட்டில்?"

அவர் தன்னைத் தற்காத்துக்கொள்ளவில்லை என்று சங்கீதா அழுத்திச் சொன்னாள். "பழகிப்போச்சு. கப்பல் யார்டுல காத நம்ப முடியாது. சத்தம் அப்படி. போர்டுல என்ன எழுதிருக்கோ அதத்தான் நம்புவோம். எங்க போனாலும் கண்ணு கீழ எழுத்துக்குத்தான் போகுது" என்றார்.

(காரணம் கச்சிதமாக இருக்கிறதே, நம்பலாமா என்று நான் கேட்டேன். "நீங்க எழுதிருந்தா நம்பிருக்க மாட்டேன். அவரு சொன்னாரு" என்றாள்.)

அப்போதுதான் அவள் சொன்னாள். யாரிடமும் முழுதாகச் சொல்லாததை, எதிரில் இருந்த தே-ஓ குவளையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நானும் சொல்லிட்டுத்தாங்க வந்தேன். ஒரு தடவ இல்ல. அவரு டிவி பாக்குறப்ப சொன்னேன், சாப்புடுறப்ப சொன்னேன். கத்திச் சொல்லல, அதான் தப்பாப் போச்சு. அப்புறம் எல்லாரும் கேட்டாங்க, ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேன்னு. நீங்களும் அன்னிக்கு அதையேதான் சொன்னீங்க."

பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஞானசேகரன் மன்னிப்புக் கேட்பார் என்று அவள் நினைத்தாள். கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பாளாம். அவசர மன்னிப்புகளை அவள் நிறையப் பார்த்துவிட்டாள்.

"அந்தப் படம் இன்னும் ஓடுதா?" என்று கேட்டார்.

7

ஓடியது, கடைசி வாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனார்கள்.

சங்கீதா படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். கார் பேரம் தொடங்கியது. கீழே எழுத்து ஓடத் தொடங்கியது. ஞானசேகரன் கண்களை மூடிக்கொண்டார். தூங்குகிறாரோ என்று ஒரு நொடி அவளுக்குப் பகீரென்றது. தூங்கவில்லை. தலையைக் கொஞ்சம் முன்னே நீட்டி, கதவுக்கு அந்தப் பக்கம் யார் பேசுகிறார்கள் என்று கேட்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். குழாய்ச் சத்தம் வந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. அவர் முகத்தில் ஏதோ நடந்தது. என்ன நடந்தது என்று வர்ணிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "இருட்டா இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டாள்.

காட்சி முடிந்தும் அவர் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

வெளியே வந்து நகரும் படிக்கட்டில் இறங்கும்போது, அவர் ஒரு வாக்கியம் சொன்னார். மறுநாள் மதியம் பின்னறையில் சங்கீதா இதுவரை சொல்லிவிட்டு டப்பாவை மூடினாள்.

"என்ன சொன்னாரு?" பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். கதையின் கடைசி வரி அங்கே இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அது கதைக்கு இல்லக்கா" என்றாள் சங்கீதா. "எனக்கு."

கை கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணிக்கு என்ன பதில் சொன்னாள் என்றும் நான் கேட்கவில்லை. வாசகரே, அந்த வாக்கியம் என்னவாக இருந்தால் நீங்கள் அவரோடு இன்னொரு படத்துக்குப் போவீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை எனக்குக் காட்ட வேண்டாம்.