தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ஒவ்வொரு டிசம்பரிலும் பிரசவப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முனிசிபல் ஆபீசுக்குப் போக வேண்டும். யாருக்கு என்றைக்குப் பிரசவம், தாய் பிழைத்தாளா, பிள்ளை பிழைத்ததா, முதல் பத்து நாளில் பிள்ளைக்கு என்னென்ன செய்தது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதைப் பார்த்து டாக்டர் துரைசானி கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருஷம் நான் மருத்துவச்சி. போடாவிட்டால் ரங்கூன் போட்டாதாங் கூலிக் கொட்டடியில் பவுனம்மாள் என்று ஒரு விதவை, அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லாமல் பிரசவம் பார்த்தால் ஜெயில் என்று பயமுறுத்தியிருந்தார்கள்.

மற்ற மருத்துவச்சிகள் புத்தகத்தில் கூசாமல் புளுகுவார்கள். செத்த பிள்ளையைக் கணக்கிலேயே காட்ட மாட்டார்கள். நான் அப்படியில்லை. ஆஸ்பத்திரியில் படித்தபோது, 'செய்ததை எழுது, செய்யாததை எழுதாதே' என்றார்கள். பைத்தியக்காரி, அதை அப்படியே நம்பினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் என் புத்தகத்தைத் துரைசானிக்கு இங்கிலீஷில் சொல்ல உட்கார்ந்தவர் செல்லையா என்கிற குமாஸ்தா. தமிழர்தான். ஆனால் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ரங்கூன். படித்தது இங்கிலீஷ், வீட்டில் பேசுவது பர்மா பாஷை. எழுத்துக் கூட்டித் தமிழ் நன்றாகவே வாசிப்பார். வாசித்ததில் பாதி மண்டையில் ஏறாது. ஆகஸ்டு மாதப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"இந்தாம்மா, இது என்ன? 'தைலம்மாள், பெண் பிள்ளை. மூன்றாம் நாள் குப்பையில் போட்டது. தவிட்டுக்கு வாங்கினது.'"

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க? பிள்ளையக் குப்பையில போட்டியா?"

"போட்டேங்க. போட்டுட்டு உடனே எடுத்துட்டேன்."

நான் முடிப்பதற்குள் அவர் இங்கிலீஷில் சொல்லியாகிவிட்டது. துரைசானிக்கு முகம் எப்போதும் வெள்ளை. இப்போது உதடும் வெளுத்தது.

நம்மவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தைலம்மாளுக்கு இதற்கு முன்னால் நான்கு பிள்ளைகள். நான்கையும் நான்தான் கையில் ஏந்தினேன், நான்கும் நாற்பது நாள் தாண்டவில்லை. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைக் குப்பைமேட்டில் போடுவார்கள். வேண்டாத பிள்ளை என்று காட்டுவதற்காக. வேறொருத்தி அதை எடுத்து, பெற்றவளுக்கு ஒரு கை தவிடு கொடுத்து விலைக்கு வாங்கிவிடுவாள். அதன் பிறகு அது வாங்கினவள் பிள்ளை. பெற்றவள் வளர்த்துக் கொடுக்கிறாள், அவ்வளவே. குப்பம்மா என்று பெயர் வைத்து, காது குத்தும் வரைக்கும் தன் பிள்ளை என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டாள். தேடி வருகிற எமன் ஏமாந்து போக வேண்டுமே.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அந்த நான்கும் செத்தது கொட்டடி ஈரத்தாலும் அழுக்குத் தண்ணீராலும்தான். ஆனாலும் தைலம்மாள் பயத்திலேயே பால் சுரக்காமல் கிடந்தாள். அவள் மனசு ஆறட்டும் என்று குப்பைமேல் வெள்ளைத் துணி விரித்து, பிள்ளையைக் கண் இமைக்கும் நேரம் கிடத்தி எடுத்தேன். தவிடு கொடுத்தேன். அன்று மத்தியானமே பால் வந்தது. அதை நான் எழுதவில்லை பாருங்கள், அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

"பிள்ளைய வித்தியா, வாங்கினியா? ஒண்ணு சொல்லு," என்றார் செல்லையா.

"வாங்கினேங்க. ஒரு கை தவிடு குடுத்து. அது ஒரு சாஸ்திரம்..."

சாஸ்திரத்துக்கு அவரிடம் இங்கிலீஷ் இல்லை. வாங்கினதற்கு இருந்தது. நான் பேசப் பேசக் காரியம் கெட்டது. கடைசியில் துரைசானி சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். வெள்ளிக்கிழமை அந்தத் தாயும் பிள்ளையும் நேரில் வர வேண்டும். இது தான் பெற்ற பிள்ளை, தன்னிடமே இருக்கிறது என்று தாய் தன் வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் ரத்து, காகிதம் போலீசுக்குப் போகும்.

நேரே தைலம்மாள் அறைக்குப் போனேன். அவள் புருஷன் அய்யாசாமி கப்பல் மூட்டை தூக்கப் போயிருந்தான். குப்பம்மாவுக்கு அப்போது நான்கு மாதம். கன்னமும் தொடையுமாகக் கொழுகொழுவென்று கிடந்தது. விஷயத்தைச் சொன்னதும் தைலம்மாள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"வேற என்ன வேணாலும் சொல்றேன் அக்கா. கால்ல விழச் சொல்லு, விழறேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் வேணாம்."

"அடியே, மனசுல ஒண்ணும் நெனைக்க வேணாம். சும்மா வாயால சொல்லு, போதும்."

"வாயால சொன்னாத்தானே அக்கா அதுக்குக் காதுல விழும்?" எமன் என்று பெயர் சொல்லக்கூட அவளுக்குப் பயம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒன் நாலு பிள்ளைக்கும் ராவும் பகலும் கண் முழிச்சேனே, அந்த நன்றி இல்லையா? என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறியா?" என்று கத்தினேன். செய்ததைச் சொல்லிக் காட்டுவது அற்பத்தனம். தெரிந்துதான் செய்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "வரேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் மேஜைக்கு முன்னால் இருவரும் நின்றோம். பிள்ளை அவள் இடுப்பில் இருந்து செல்லையாவின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது.

"இது யார் பிள்ளைம்மா?"

தைலம்மாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "பவுனக்கா பிள்ளைங்க. நான் வளக்கறேன்."

செல்லையா அப்படியே சொன்னார். துரைசானி பேனாவை எடுத்து என் பெயர் இருந்த காகிதத்தை இழுத்தாள். என்னிடம் கௌரவம், கோபம் எதுவும் மிஞ்சவில்லை.

"தைலா, நான் நாசமாப் போயிடுவேண்டி," என்று அவள் கையைப் பிடித்தேன். "சொல்லிடு. ஒன்னக் கும்பிடறேன், சொல்லிடு."

அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"என் பிள்ளை. நான் பெத்தது. என் பிள்ளைதான்."

துரைசானி கையெழுத்துப் போட்டாள். எழுந்து வந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கூடக் கொடுத்தாள். இனிமேல் புத்தகத்தில் கண்டதையும் எழுதாதே என்று செல்லையா எனக்குப் புத்தி சொன்னார். எனக்கு அப்போது அவரைக்கூடப் பிடித்திருந்தது.

வெளியே வந்ததும் தைலம்மாள் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். பிள்ளை குடித்துக் குடித்து அப்படியே தூங்கிப்போனது. வாயைத் துடைத்துவிட்டாள். தூக்கி என் மடியில் வைத்தாள்.

"என்னடி?"

"அதுக்குக் கேட்டிருக்கும் அக்கா. இனிமே எங்கிட்ட இருந்தா இதுவும் தங்காது. நீதானே வாங்கினே? நீயே வச்சுக்க."

"பைத்தியமாடி ஒனக்கு?"

"எங்கயோ ஒரு எடத்துல உசிரோட இருந்தாப் போதும்."

விடுவிடுவென்று நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் ஓடி வருவாள் என்று நினைத்தேன். எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அவள் வரவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. குப்பம்மா வீறிட்டு அழ, உள்ளேயிருந்து அவளும் அழுவது கேட்டது. அய்யாசாமி மட்டும் வெளியே வந்தான்.

"எடுத்துட்டுப் போயிடுங்கக்கா," என்றான். "மாரைத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டுக் கிடக்கறா. நான் சொன்னாலும் அவிழ்க்க மாட்டேங்கறா."

என் பக்கத்து அறை நூருன்னிசா தன் பிள்ளைக்குக் கொடுத்தது போக இதற்கும் பால் கொடுத்தாள். நான் தினமும் காலையில் தைலம்மாள் வாசலில் போய் உட்கார்ந்தேன். அது வெறும் பேச்சு, பேச்சால் பிள்ளை சாகாது என்று கதவோடு பேசினேன். சும்மா வாயால் சொல்லு என்றவளும் நான்தான். என் பேச்சை அவள் ஏன் நம்ப வேண்டும்? நினைத்து நினைத்து வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பாயில்லை, பானையில்லை. ஊர்க்கோடியில் தாமுவே பக்கம் குடி போய்விட்டார்கள் என்று அடுத்த அறைக்காரி சொன்னாள். எந்தத் தெரு என்று கேட்டேன். அதை மட்டும் என்னிடம் சொல்லக் கூடாது என்று தைலம்மாள் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.